பள்ளமே விழாத சாலை

முதெங்கி செய்த ஒரே தவறு, சட்டம் சொன்ன எடையை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்ததுதான்.

மொம்பாசா நெடுஞ்சாலையில் கிலுமோனி எடைமேடை திறந்த நாளிலிருந்து இரண்டு வகை லாரிகள்தான் அதன்மேல் ஏறியிருக்கின்றன. அளவுக்கு மீறி ஏற்றியவை ஒரு வகை. அளவுக்கு மீறி ஏற்றிவிட்டு, ஏற்றவே இல்லை என்று பெற்ற தாய்மீது சத்தியம் செய்பவை இன்னொரு வகை. இரண்டையும் அன்போடு நடத்தி அனுப்ப எடைமேடைக்காரர்கள் பழகியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமை முதெங்கியின் தக்காளி லாரி ஏறியதும் திரையில் விழுந்த எண்ணும் சுவரில் சட்ட அளவு என்று எழுதியிருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. எடைமேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எண் அசையவில்லை.

"அண்ணே, கொஞ்சம் கீழ இறங்குங்க."

"என்ன தப்பு சார்?" என்றான் முதெங்கி.

"தப்பு ஒண்ணுமே இல்லண்ணே. அதான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

யாருக்கோ போன் போனது. சற்று நேரத்தில் மூன்று வெள்ளை ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. முதல் ஜீப்பிலிருந்து இறங்கியவர் தேசிய சாலை உறுதி நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் ஒபுயா. கோட்டு, கழுத்துப்பட்டை, அந்த வெயிலிலும் வியர்க்காத நெற்றி. ஓடிவந்து முதெங்கியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத்தான் ஒரு வருஷமா தேடிட்டிருக்கோம்!"

நான் என்ன செய்தேன், யாரை இடித்தேன் என்று முதெங்கி மனதுக்குள் தேட ஆரம்பித்தான்.

விஷயம் இதுதான். சாலை கெடாமல் காப்பதற்காக அரசாங்கம் எடைமேடையை வைத்தது. எடை போட லாரிகள் வரிசையில் நின்றன. சுடுகிற தாரில், சுமையோடு, நாள் முழுக்க நகர்ந்து நகர்ந்து நின்றன. ஆகவே அந்த நெடுஞ்சாலையிலேயே மிக ஆழமான சக்கரப் பள்ளங்கள் எடைமேடைக்கு எதிரில்தான் விழுந்தன. இதற்கு நிறுவனம் கண்டுபிடித்த மருந்து, உள்ளே வலை வைத்த தார்ச்சாலை. எடைமேடையை ஒட்டி ஒரு லாரி போகும் அகலத்தில் துண்டுச் சாலை ஒன்றைப் போட்டு, அடியில் நார்வலை விரித்து, மேலே தார் ஊற்றி உருட்டியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக இருந்தது. கெட்டுவிடக் கூடாது என்று ஒரு வண்டியையும் அதன்மேல் விடவில்லை.

வரும் சனிக்கிழமை அமைச்சர் வந்து திறக்கப் போகிறார். திறப்பதற்கு முன் சாலையைச் சோதித்ததாகக் காட்ட வேண்டும். சோதனைக்குச் சட்டப்படி சரியான எடை உள்ள லாரி வேண்டும். அந்த நெடுஞ்சாலையில் அப்படி ஒரு லாரியே கிடைக்கவில்லை, முதெங்கி வரும்வரை.

"இன்னைலருந்து உங்க வண்டி தேசிய எடை," என்றார் டாக்டர் ஒபுயா. யாரோ படம் எடுத்தார்கள். யாரோ திருப்புளியோடு குனிந்து லாரியின் முன்னும் பின்னும் இருந்த நம்பர் பிளேட்டுகளைக் கழற்றினார்கள்.

"சார், அது எதுக்கு?"

"பத்திரமா வெச்சிருக்கத்தான். தேசிய சொத்து காணாமப் போயிடக் கூடாது பாருங்க."

"சார், இது தக்காளி. மொம்பாசா கொங்கோவேயா சந்தைக்குப் போகணும். நின்னா அழுகிரும்."

"நிக்கப் போறதே இல்லையே! ஓட்டிட்டேதான் இருக்கப் போறீங்க," என்று சிரித்தார் டாக்டர்.

முதெங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. மகிந்துப் பக்கம் ஆற்றோரத்தில் அவனுக்கும் அவன் மனைவி சியோம்புவாவுக்கும் கொஞ்சம் நிலம். போன தடவைக்கு முந்தின தடவை மழை வரவில்லை. போன தடவை மழை வந்தது, பின்னாலேயே யானைகளும் வந்தன. காய்த்த வயலில் அவை நடந்து போய், ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்து, மறுபடியும் நடந்து போயின. இந்தத் தடவைதான் மழையும் வந்து யானையும் வராமல் லாரி நிறையத் தக்காளி. சந்தையில் இடம் பிடிக்க சியோம்புவா முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். இந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தால் அடுத்த விதைப்பு உண்டு. சேராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் ஊரார் சுமையை ஏற்றி ஓட்ட வேண்டியதுதான்.

"எத்தனை தடவை சார் ஓட்டணும்?"

"போதும்ங்கிற வரைக்கும்."

தடவைகளை எண்ணும் வேலை நிறுவனத்து அதிகாரி மேடம் ஜெலிமோவுக்கு. குடையின் கீழ் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேர்மையான பெண்மணி. தேநீர் குடிக்க எழுந்து போனால், திரும்பி வந்ததும் எண்ணிக்கை மறந்துபோகும். சும்மா ஒரு எண்ணைப் போட்டுவிட அவருடைய மனசாட்சி இடம் கொடுக்காது. ஆகவே மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்குத் தேநீர் ரொம்பப் பிடிக்கும்.

முதெங்கி போனான், வந்தான். முன்னால் போவது, ரிவர்ஸில் வருவது. சாலையோரம் சுட்ட மக்காச்சோளமும் மண்டாசி என்னும் பொரித்த அப்பமும் விற்கும் கனினி அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா தம்பி, எதையாவது தொலைச்சிட்டியா?"

"என்னையே தொலைச்சிட்டேன்க்கா."

மத்தியான வெயிலில் தார் இளகியது. இரண்டு சக்கரத் தடங்களும் மெல்ல அமுங்கின. நடுவில் இருந்த தார் போக்கிடம் இல்லாமல் மேலே எழும்பியது. சாயங்காலம் அளவெடுக்க எல்லோரும் கூடினார்கள். ஆறடி இரும்புக்கோலைச் சாலைக்குக் குறுக்கே வைத்து, கோலுக்கும் தாருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதுதான் முறை. மேடம் ஜெலிமோ குனிந்து பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் தாராளமாக உள்ளே போனது.

"பள்ளம் சார்," என்றார்.

டாக்டர் ஒபுயாவின் முகம் சுருங்கியது. "அந்த வார்த்தை நம்ம நிறுவனத்துல கிடையாது மேடம்."

"சரி சார். இந்த இடத்துல சாலை கொஞ்சம் கீழ இருக்கு."

"சாலை இருக்கிற இடத்துலதான் இருக்கு. பக்கத்துல இருக்கிறது மேல ஏறியிருக்கு." கோலைக் கையில் வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இது எந்த ஊர்க் கோல்?"

"நம்ம கோல்தான் சார்."

"வளைஞ்ச சாலையை நேரான கோலை வெச்சு அளந்தா எப்படிச் சரியா வரும்? அளக்கிற சாமானும் அளக்கப்படுற பொருளும் ஒத்துப்போக வேண்டாமா?"

கோல் கொல்லன் பட்டறைக்குப் போனது. ராத்திரிக்குள் சாலை எப்படி இருந்ததோ அப்படியே வளைந்து வந்தது. மறுநாள் காலையில் வைத்துப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது. ஒரு தலைமுடி நுழைய இடமில்லை. 'பள்ளம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் கோல் பட்டறைக்குப் போய்வந்தது. கொல்லனுக்கு நல்ல வாரம்.

வியாழக்கிழமை சியோம்புவா போன் செய்தாள்.

"டானு அப்பா, எங்க இருக்க?"

"ரோட்டுலதான் போயிட்டிருக்கேன்."

"நேத்தும் அதைத்தானே சொன்ன?"

"நேத்தும் போயிட்டுதான் இருந்தேன். போறேன், திரும்ப வந்துடறேன்."

"குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல. என்னைத் தேசிய எடை ஆக்கிட்டாங்க."

"உன்னையா? கல்யாணத்தன்னைக்குப் போட்ட கோட்டே இன்னும் உனக்குத் தொளதொளன்னு இருக்கு. உன்னை வெச்சு எதை எடை போடப் போறாங்க? இங்க பாரு, பக்கத்துக் கடைக்காரி என் இடத்துல வெங்காயத்தைப் பரப்ப ஆரம்பிச்சிட்டா. ஒரு காலை நீட்டி மறிச்சு வெச்சிருக்கேன். எவ்வளவு நேரம் காலை நீட்டிட்டே உக்காந்திருப்பேன்?"

"வந்துருவேன் சியோம்புவா."

"எப்ப?"

"மேடம் தேநீர் குடிக்கிறதை நிறுத்தினதும்."

தேசிய எடையாக இருப்பதில் வேறு சிக்கல்களும் இருந்தன. எடை ஒரு துளிகூட மாறக் கூடாது. பெட்டிகளை இறக்கி வேறு லாரியில் அனுப்பிவிடுகிறேன், மண்மூட்டை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். தேசிய எடையைப் பிரிக்க நாடாளுமன்றம் கூட வேண்டும் என்றார்கள். முதெங்கி புதர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தால், மேடம் ஜெலிமோ உத்தேசமாக ஒரு குவளைத் தண்ணீரை வண்டிக்குள் வைத்தார். அவன் கனினி அக்காவிடம் ஒரு தட்டு பீன்ஸும் சோளமும் சாப்பிட்டால் அந்தக் குவளையை எடுத்துவிட்டார்.

"மேடம், மூச்சு விடலாமா?"

"விடுங்க. உடனே இழுத்துக்குங்க, அவ்வளவுதான்," என்றார் அவர் கவலையோடு.

அன்று பிற்பகல் அடிப்பெட்டிகளிலிருந்து சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. முதெங்கிக்கு அது தன் உடம்பிலிருந்து சொட்டுவதுபோல இருந்தது. மேடம் ஜெலிமோவும் பதறினார். எடை குறைகிறதே! சொட்டியதற்கு ஈடாகத் தண்ணீர்க் கேன்களைப் பெட்டிகளின் மேல் ஏற்றச் சொன்னார். கேன்களின் கனத்தில் இன்னும் சொட்டியது. இன்னும் கேன்கள் ஏறின. முதெங்கி பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"மூணு."

"அவங்க மேல கேன் வைப்பீங்களா?"

மேடம் அவனைப் பார்த்தார். தக்காளியைப் பார்த்தார். பிறகு கேன்களை இறக்கி, அவன் காலடியில் வண்டிக்குள் அடுக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் தேநீர் வேண்டாமென்றுவிட்டார். ஆனால் வெயிலில் கண் அசந்துவிட்டது. மறுபடியும் ஒன்றிலிருந்து.

வெள்ளிக்கிழமைக்குள் தடங்கள் இரண்டும் கால்வாய் ஆகிவிட்டன. உள்ளே இருந்த வலை பிய்ந்து ஓரங்களில் தாடிபோல நீட்டிக்கொண்டிருந்தது. கனினி அக்கா கொஞ்சம் அறுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூண்டு கட்டினாள். லாரி தடத்துக்குள் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை. அதுவாகப் போனது, அதுவாக வந்தது. இடது தடம் வலதைவிட ஆழம் என்பதால் வண்டி டிரைவருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். முதெங்கி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகும்போது கனினி அக்கா ஜன்னல் வழியாகச் சோளம் கொடுப்பாள். வரும்போது தின்றுவிட்டு வெறும் கட்டையைத் திருப்பிக் கொடுப்பான், எடை கூடாமல் இருக்க.

அன்று சாயங்காலம் கூடாரத்தில் நிபுணர் குழு கூடியது. முதெங்கியை நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

"ஏன் ஒரே தடத்துல ஓட்டினீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"சாலை அவ்வளவுதான் அகலம் சார்."

"ஏன் திரும்பத் திரும்ப ஓட்டினீங்க?"

"நீங்கதானே சார் ஓட்டச் சொன்னீங்க!"

"நாங்க சொன்னா? உங்களுக்குன்னு சுயபுத்தி வேண்டாமா?"

டாக்டர் ஒபுயா எழுந்து தொண்டையைச் செருமினார். "நண்பர்களே! ஒரு சாலை ஏன் கெடுது? அதுமேல வண்டி போறதால. வண்டியே போகாத சாலை கெட்டுப்போச்சுன்னு யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம நிறுவனம் போட்ட எந்தச் சாலையும், திறந்து விடுறதுக்கு முன்னாடி கெட்டதே கிடையாது. இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். குத்தம் சாலையில இல்ல, போக்குவரத்துல இருக்கு. போக்குவரத்துக்கு மட்டும் ஒழுக்கம் இருந்தா நம்ம சாலைங்க நூறு வருஷம் இருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். முதெங்கியும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் தட்டி முடித்து. "எங்க வீட்டுக் கட்டில்லயும் கம்பிவலைதான் சார். புதுசுல டிங்குனு இருந்துச்சு. இப்ப நடுவுல தொட்டில் மாதிரி ஆயிருச்சு. எந்த ஓரத்துல படுத்தாலும் நானும் என் பொண்டாட்டியும் உருண்டு நடுவுல வந்துருவோம். வலை இருந்தாலும் அமுங்கத்தானே செய்யும்?"

"உங்க கட்டில் தேசியத் தரச்சான்று வாங்கினதா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார். மாமனார் வாங்கினது."

"அப்புறம் எப்படி?"

சனிக்கிழமை விடிந்தது. வாத்தியக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு வந்தார்கள், ரிப்பன் கட்டினார்கள். கோல் கடைசியாக ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் படகு மாதிரி வளைந்து வந்து, வெல்வெட் துணியில் படுத்திருந்தது. லாரியை ஓரமாக நிறுத்தி அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். மாலையின் மேல் ஈ மொய்த்தது. முதெங்கி ஏறி மூடுதுணியைத் தூக்கிப் பார்த்தான். பச்சையாக ஏற்றிய மேல்வரிசை சிவந்திருந்தது. நடுவரிசை குழைந்திருந்தது. அடிவரிசையைப் பார்க்க மனசு வரவில்லை. இன்று இரவுக்குள் சந்தைக்குப் போனால் ஏதோ தேறும். நாளைக்கு என்றால் எல்லாமே உரம்.

அமைச்சர் வந்தார். தும்பைப்பூ வெள்ளையில் உடை, அதே வெள்ளையில் தாழ்வான கார். ரிப்பனை வெட்டினார். டாக்டர் ஒபுயா கோலை எடுத்துச் சாலையில் பொருத்திக் காட்டினார். "பாருங்க ஐயா, இடைவெளியே இல்ல!" அமைச்சர் குனிந்து பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு காரில் ஏறி, நாட்டின் முதல் பள்ளமே விழாத சாலையில் பயணத்தைத் தொடங்கினார்.

கார் உடனே காணாமல் போனதுபோல இருந்தது. பார்த்தால், நடுவில் எழும்பி நின்ற தார்மேட்டின் மேல் வயிறு பதிந்து உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரங்களும் தடங்களுக்குள் தொங்கியபடி சும்மா சுற்றின. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"என்னய்யா இது?" என்றார் அமைச்சர் ஜன்னல் வழியாக.

"பிடிப்பு ஐயா," என்றார் டாக்டர் ஒபுயா. "சாலை உங்களை விடவே மாட்டேங்குது."

வாத்தியக்காரர்கள் இன்னொரு பாட்டை ஆரம்பித்தார்கள். அமைச்சருக்கு அன்று சாயங்காலம் மொம்பாசாவில் இன்னொரு ரிப்பன் இருந்தது. ஜீப் ஒன்றை அனுப்பினார்கள். அது காருக்குப் பின்னாலேயே போய் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. மற்ற இரண்டும் உதவிக்குப் போய் அதன் பின்னால் வரிசையாக உட்கார்ந்தன. சாதாரணப் பாதையிலோ, விழாவுக்காக நிறுத்தி வைத்த லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. வரிசைக்கு முன்னால், மாலையோடு, வெளியே போக வழியோடு, நின்ற ஒரே வண்டி முதெங்கியுடையது.

அமைச்சர் அதைக் கை காட்டினார். "இதுல போறேன்."

"ஐயா, அது தேசிய எடை. சோதனை இன்னும் முடியல," என்றார் டாக்டர் ஒபுயா.

அமைச்சர் அதற்குள் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். நல்ல கனமான மனிதர். ஸ்பிரிங் முனகியது. மேடம் ஜெலிமோ நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"சார், ஐயா ஏறினதும் எடை கூடிப்போச்சு. இனிமே இது தேசிய எடை இல்ல."

"இல்லையா?"

"இல்ல சார். சட்டப்படி இது இப்ப அளவுக்கு மீறின லாரி. இதை வெச்சுச் சோதனை பண்ணினா அறிக்கை செல்லாது."

டாக்டர் ஒபுயா யோசித்தார். அளவுக்கு மீறின லாரியை என்ன செய்வது என்று அந்த எடைமேடையில் எல்லோருக்கும் தெரியும். வழிவிட்டார்கள். மேடம் ஜெலிமோ நம்பர் பிளேட்டுகளைத் தானே கொண்டுவந்து, தானே குனிந்து திருகினார். எழுந்திருக்கும்போது முதெங்கியிடம் மெதுவாக, "இப்பவும் எண்ணிக்கை விட்டுப்போச்சுண்ணே. நல்லவேளை," என்றார்.

வழிநெடுக அமைச்சர் போன் பேசினார். பேசாத நேரத்தில் தூங்கினார். அவர் சாய்ந்திருந்த பின்பலகையின் இடுக்கு வழியாகத் தக்காளிச்சாறு இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லலாமா என்று நினைத்தான் முதெங்கி. சொன்னால் அதற்கும் ஒரு குழு கூடுமோ என்று விட்டுவிட்டான்.

சந்தை முதலில் வந்தது. ஒரு நிமிஷம் என்று வண்டியை நிறுத்தியதும் சியோம்புவா பாய்ந்து வந்தாள். கால் இன்னும் நீட்டினபடிக்கே மரத்துப்போய் நொண்டினாள். கதவைத் திறந்து, சட்டை முழுக்கச் சிவப்பாக இறங்கிய ஆளைப் பார்த்தாள்.

"இவ்வளவு கறை ஆகிற அளவுக்கா பெட்டியைப் போட்டு நசுக்குவ? என்ன கூலியாளுய்யா நீ? பராக்குப் பாக்காம அந்தப் பக்கம் பிடி!"

அமைச்சரிடம் அந்தக் குரலில் யாராவது பேசி இருபது வருஷம் ஆகியிருக்கும். இறங்கிப் பெட்டியைப் பிடித்தார். மூன்று பெட்டி தூக்கிய பிறகுதான் அவருடைய ஆட்கள் வேறு காரில் வந்து கண்டுபிடித்தார்கள்.

அடிவரிசை போய்விட்டது. மேல்வரிசை சந்தையில் விற்றது. குழைந்த நடுவரிசையை ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணிக்காரர் வந்து, "எனக்கு இப்படித்தான் வேணும், அரைக்கிற வேலை மிச்சம்," என்று பெட்டியோடு அள்ளிப்போனார். அடுத்த விதைப்புக்குப் போதும். யானை வராவிட்டால்.

ஊர் திரும்பும் வழியில் எடைமேடை நெருங்க நெருங்க முதெங்கி வேகத்தைக் குறைத்தான். துண்டுச் சாலையின் முகப்பில் புதுப்பலகை வைத்திருந்தார்கள். 'வழிகாட்டும் சாலை. ஸ்டியரிங் பிடிக்கத் தேவையில்லை. தேசிய சாலை உறுதி நிறுவனத்தின் அடுத்த சாதனை.' அதன்பக்கம் டாக்டர் ஒபுயா நின்று, வரும் லாரிகளை ஒவ்வொன்றாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு வெற்று லாரி ஒன்று வேண்டுமாம், துல்லியமாக வெறுமையாக.

"டானு அப்பா, வண்டியை நிறுத்து," என்றாள் சியோம்புவா. இறங்கிப் போய், சாலையோரம் கிடந்த பெரிய கல் ஒன்றைத் தூக்கிவந்து பின்னால் போட்டாள். போதாதென்று கனினி அக்காவையும் அவள் அடுப்பையும் கோழிக்கூண்டையும் ஏற்றினாள்.

"நான் எங்கடி வரணும்?" என்றாள் கனினி அக்கா.

"எங்கயும் வேண்டாம்க்கா. அந்தக் கடைசி வரைக்கும் கனமா உக்காந்திருங்க. போதும்."

எடைமேடைக்காரர் திரையைப் பார்த்தார். எதற்கும் பொருந்தாத ஒரு எண். அவர் முகம் மலர்ந்தது. "போங்கண்ணே, போங்க. எல்லாம் ஒழுங்கா இருக்கு!"

லாரி தடத்துக்குள் இறங்கியது. முதெங்கி ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுத்தான். எதிர்த்திசையில் போனதால் வண்டி இப்போது அவன் உட்கார்ந்த வலப்பக்கம் சாய்ந்தது. இடது ஓரத்தில் கோபமாக உட்கார்ந்திருந்த சியோம்புவா சீட்டில் மெல்ல மெல்ல வழுக்கி வந்து அவன் தோளில் இடித்து நின்றாள்.

"நம்ம கட்டில் மாதிரியே இருக்கு," என்றாள்.

"அதுக்குச் சான்று இல்லையாம்," என்றான் முதெங்கி.